ஓசியில் ஐரோப்பா

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு முறை நாடு கெட்டுப்போகும். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு. கெடுப்பவன் எப்போதும் ஒரே ஆள்தான். அவன் பெயர் இலவசம். "மிக்ஸி கொடுத்தான், கிரைண்டர் கொடுத்தான், இப்ப பஸ்ஸும் ஓசி. உழைக்கிற எண்ணமே போச்சு சார்." அதன் கீழே பதினேழு கைகூப்பும் பொம்மைகள். அதில் ஒன்று என்னுடையது.

கூப்பிய கையை இறக்கிவிட்டு நான் பார்க்கப் போன வேலை, குடும்பத்தோடு ஓசியில் ஐரோப்பா போவதற்கான திட்டம்.

நான்கு பேர். நான், மனைவி, பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன். மே மாதம். சென்னையில் தார் இளகும்போது நாங்கள் சூரிக் ஏரிக்கரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டிக்கெட்டுக்குப் பணம் கிடையாது. பாயின்ட்ஸ். கிரெடிட் கார்டைத் தேய்க்கத் தேய்க்கப் பாயின்ட்ஸ் ஊறும். அதை விமானக் கம்பெனியின் மைல்ஸாக மாற்றலாம். மைல்ஸை டிக்கெட்டாக மாற்றலாம். சித்தர்கள் பாவம், செம்பைத் தங்கமாக்கப் பார்த்தே காலத்தைக் கழித்தார்கள். நாங்கள் கத்தரிக்காயை விமானமாக்குகிறோம்.

என் கார்டில் 200 ரூபாய்க்கு 12 பாயின்ட். மூன்று வருடத்தில் 2,40,000 சேர்த்தேன். கணக்குப் போட்டுவிட்டீர்களா? ஆமாம், 40 லட்சம் ரூபாய் தேய்த்திருக்கிறேன். அதில் என் பணம் பாதிகூட இல்லை. அலுவலகத்தில் பத்து பேர் சாப்பிடப் போனால் பில்லை நான்தான் பிடுங்குவேன். "நீங்க ஜிபே பண்ணிடுங்க பாஸ்." மைத்துனன் கல்யாணத்துக்கு மண்டப வாடகை என் கார்டில். மாமனார் ரொக்கத்தை மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தார். "மாப்பிள்ளை எவ்வளவு பொறுப்பா எடுத்துச் செய்றார்" என்று உறவெல்லாம் மெச்சியது. அடுக்ககத்துக்கு புது போர்வெல் போட்டபோது நானே முன்வந்து செலவை ஏற்றேன். செயலாளர் பொன்னாடை போர்த்தினார்.

இதெல்லாம் சிரிப்பு. இனி வருவது சிரிப்பல்ல. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே அவர் ஒயர்களுக்கு நடுவே படுத்திருக்கிறார். வெளியே கவுன்ட்டரில் ஒரு பெண், "கேஷா, கார்டா சார்?" என்கிறாள். பில் 2 லட்சத்து 80 ஆயிரம். அந்த நேரத்தில் ஒரு மகனுக்கு என்னவெல்லாம் தோன்ற வேண்டும்? எனக்கு 16,800 என்று தோன்றியது. அப்படியொரு எண் மனசுக்குள் மின்னி மறைந்ததை இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் ஒரு கார்டு வைத்திருந்தால் என்னை முறைக்க மாட்டீர்கள்.

எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் அலுவலக குரு. ஏழு கார்டுக்காரர். "டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறவன் முட்டாள்" என்பது அவருடைய மூல மந்திரம். தன் சொந்த வீட்டுக்குத் தன் மனைவியிடமே மாத வாடகை கட்டியவர். செயலி வழியாக, கார்டில். வங்கிகள் விழித்துக்கொண்டு வாடகைக்கு ஒரு சதவீதக் கட்டணம் போட்டன. அப்போதும் கட்டினார். 2025ல் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்து செயலிகள் அந்தக் கதவையே சாத்தின. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வருடக் குடித்தனக்காரரை நடுத்தெருவில் இறக்கிவிட்டதுபோல் இருந்தார்.

இந்தப் பைத்தியம் நம் ஊரில் பிறந்ததல்ல. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் பின்தொடர்ந்தது. அப்போது பறந்தால்தான் மைல். பிறகு ஒரு மகா மேதைக்குத் தோன்றியது: பறக்காதவனுக்கும் மைல் கொடுத்தால் என்ன? வங்கிக்கு மொத்தமாக விற்போம். வங்கி அதைச் சில்லறையாக மளிகை வாங்குகிறவனுக்குக் கொடுக்கட்டும். 1999ல் கலிபோர்னியாவில் ஒரு பொறியாளர் மைலுக்காக 12,150 கப் புட்டிங் வாங்கினார். பன்னிரண்டரை லட்சம் மைல் கிடைத்தது. உலகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. இன்று அவர் எங்கள் குருமார்களின் குலதெய்வம்.

சரி, திட்டத்துக்கு வருவோம். ஐரோப்பா போய்வர ஒருவருக்கு 48,000 மைல். நான்கு பேருக்கு 1,92,000. என் கார்டில் 5 பாயின்ட் கொடுத்தால் 4 மைல். என் 2,40,000 பாயின்டுக்குச் சரியாக 1,92,000 மைல். ஒன்றுகூட மிச்சமில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. ஜாதகப் பொருத்தம் பத்துக்குப் பத்து. இப்படிப் பொருந்தியபோதே எனக்கு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இந்த ஓசி இருக்கைகளை விமானக் கம்பெனிகள் சுமார் பதினொரு மாதம் முன்பே திறக்கும். அதாவது அடுத்த மே மாதப் பயணத்துக்கு இந்த ஜூன் மாதமே இரவு கண்விழிக்க வேண்டும். பள்ளிக்கூடம் எப்போது மூடும் என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியாது. மே மாதம் லீவு கிடைக்குமா என்று என் மேனேஜருக்கும் தெரியாது. அந்த மேனேஜர் அதுவரை அந்த நாற்காலியில் இருப்பாரா என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் 17ஆம் தேதி விடிகாலை 3.40 விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா என்று விமானக் கம்பெனிக்காரன் கேட்கிறான்.

எத்தனை இருக்கை காட்டினான்? இரண்டு. எந்த நாளைத் தட்டினாலும் இரண்டு. நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு இருக்கை. கல்யாணமான புதிதில் கொடுத்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். பிப்ரவரியில் ஏழு இருக்கை இருந்தது. நவம்பரில் ஒன்பது. மகளுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கும் நாட்களில் விமானமே காலி. கோடை விடுமுறையில் மட்டும் கிடையாது. விடுமுறைக் காலத்தில் செல்லாத ஒரு விடுமுறைச் சலுகையை ஒரு மனிதன் யோசித்துக் கண்டுபிடித்து, அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறான்.

இரண்டு வாரம் தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை நானும் மகனும் தோஹா வழியாக, வியாழக்கிழமை மனைவியும் மகளும் அபுதாபி வழியாக என்று ஒரு திட்டம் போட்டேன். திரும்பும்போது ஜோடி மாறும். மனைவி அதைப் படித்துப் பார்த்தாள். "இது டூரா, விவாகரத்தா?" என்றாள்.

அப்புறம் வந்தது மின்னஞ்சல்.

"உங்கள் அனுபவத்தை மேலும் செழுமைப்படுத்த" என்று தொடங்கியது. அனுபவசாலிகளுக்குத் தெரியும். கம்பெனி செழுமை என்று சொன்னால் உடனே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழாவது பத்தியில் இருந்தது விஷயம். இனிமேல் 5 பாயின்டுக்கு 4 மைல் இல்லை. 2 மைல். என் 1,92,000 மைல் அந்த நிமிடமே 96,000 ஆனது. திருடன் வரவில்லை. பூட்டு உடையவில்லை. வீட்டில் பாதி இல்லை.

2016 நவம்பர் 8 நினைவிருக்கிறதா? அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி 500, 1000 செல்லாது என்று சொன்னார். திட்டினோம், வரிசையில் நின்றோம், சிலர் வரிசையிலேயே செத்தார்கள். ஆனாலும் ஒன்று இருக்கிறது. அவர் நேரில் தோன்றினார். பழைய நோட்டை மாற்றிக்கொள்ள நாள் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் கத்த முடிந்தது, நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. இங்கே ஒரு முகமில்லாத மின்னஞ்சல், ரூபாய்க்கு ஐம்பது காசு. எங்கே போய்க் கத்துவது? விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன். நாற்பது பக்கம். பாயின்டுக்குப் பண மதிப்பு கிடையாது. அது உங்கள் சொத்தல்ல. எப்போது வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு. கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக். என் டிக்.

பண மதிப்பு இல்லையாம். இதை நான் ஒருவன் நம்பினால் போதும், அவர்கள் நம்பத் தேவையில்லை. 2020ல் கரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் நிறுவனம் எதை அடகு வைத்தது தெரியுமா? தன் மைல் திட்டத்தை. அதன் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று சொல்லியது. அன்றைக்குப் பங்குச் சந்தையில் விமானம், விமானி, எஞ்சின், பிராண்டு எல்லாம் சேர்த்து மொத்த நிறுவனத்தின் விலையே அதில் பாதியளவுதான். டெல்டா தன் மைல் திட்டத்தைக் காட்டி 900 கோடி டாலர் திரட்டியது. கடன்காரனிடம் காட்டும்போது தங்கம். நம்மிடம் வரும்போது பண மதிப்பற்ற காகிதம். காகிதம்கூட இல்லை.

விமானம் ஓட்டுவது இவர்களுக்குப் பொழுதுபோக்கு. அச்சடிப்பதுதான் தொழில். தான் அச்சடித்த நோட்டுக்குத் தானே விலை வைக்கும் வசதி எந்த ரிசர்வ் வங்கிக்கும் இல்லை. முன்பெல்லாம் ஒரு விலைப் பட்டியலாவது இருந்தது. இந்த ஊருக்கு இத்தனை மைல் என்று. 2015ல் டெல்டா அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டது. பிறகு யுனைடெட், பிறகு அமெரிக்கன். இன்றைக்கு இந்த விலை, நாளைக்கு வேறு. அதற்கு 'டைனமிக்' என்று பெயர். கோயம்பேட்டில் தக்காளிக்கு இதைச் செய்தால் பதுக்கல் என்று ரெய்டு வரும்.

நம் ஊர்க் கதை இன்னும் சுவை. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றது. அதன் மைல்ஸை வைத்திருந்தவர்கள் அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகிக்கொண்டார்கள். முதலாளி மட்டும் சரியான நேரத்தில் விமானம் ஏறி லண்டனில் இறங்கினார். 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. அதன் மைல் திட்டம் தனி கம்பெனி என்பதால் சாகவில்லை. அதே வருடம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு நடமாடியது. விமானம் இல்லை, மைல் உண்டு. உடம்பு எரிந்த பிறகும் ஆதார் கார்டு செல்லுபடியாகிற மாதிரி.

பாதி போனாலும் என்ன, 96,000 இருக்கிறதே என்று மனதைத் தேற்றினேன். இரண்டு பேருக்கு ஓசி, இரண்டு பேருக்குக் காசு. எல்லா பாயின்ட்ஸையும் மைல்ஸாக மாற்றச் சொல்லி அழுத்தினேன். ஒருமுறை மாற்றினால் திரும்ப மாற்ற முடியாது என்று சிவப்பில் எச்சரித்தது. கல்யாணத்துக்கு முன் யாரும் இப்படி எச்சரிக்கவில்லை, அதையே செய்தவன் இதைச் செய்ய மாட்டேனா? செய்தேன். மைல்ஸ் வந்து சேர மூன்று நாள் ஆனது. பணம் ஒரு நொடியில் பறக்கும் நாட்டில் பாயின்ட் மாட்டு வண்டியில் வருகிறது. அது வந்து சேர்ந்தபோது அந்த இரண்டு இருக்கையும் இல்லை. 48,000 என்று இருந்த விலையும் இல்லை. 61,000. டைனமிக்.

ஒருவர் மட்டும் போகலாம். மனைவி சொன்னாள்: "நீங்களும் உங்க கார்டும் போயிட்டு வாங்க."

அந்த ஓசி டிக்கெட்டை அப்போதுதான் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோய்ப் பார்த்தேன். கட்டணம்: பூஜ்யம். கீழே வரிகள், விமான நிலையக் கட்டணம், அதற்கும் கீழே எரிபொருள் கூடுதல் கட்டணம். விமானம் ஓட எரிபொருள் கூடுதலாகத் தேவைப்படுகிறதாம். சும்மா தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தார்கள் போல. மொத்தத் தொகையைப் பார்த்ததும் கூசியது. அதோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஏதோ ஒரு விமானத்தில் காசு கொடுத்தே கௌரவமாகப் போகலாம். ஷெங்கன் விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனில் ஏற்றினார்கள். பையனுக்குப் பாதி. மறுத்தாலும் திருப்பித் தர மாட்டார்கள். கையெழுத்துப் போடாததற்கும் கட்டணம் வாங்கும் தாசில்தார் ஆபீஸை நான் இன்னும் பார்க்கவில்லை. ஐரோப்பா போய்க் கார்டைத் தேய்த்தால் 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இதற்கெல்லாம் மேலாக, கார்டு வைத்திருக்கும் பெருமைக்கு வருடம் 10,000 ரூபாய். வரியோடு 11,800. மூன்று வருடத்துக்கு 35,400. ஓசிக்கு நான் கொடுத்த விலை.

இவ்வளவும் என் முட்டாள்தனம். முட்டாளுக்கு நஷ்டம் வருவது இயற்கை நீதி. உங்கள் கண்ணீர் எனக்கு வேண்டாம். கோபம் வர வேண்டிய இடம் வேறு. எனக்கும் மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது, அதுவும் அண்ணாச்சி கடையில்.

ஆயிரத்து நூறு ரூபாய் சாமானுக்குக் கார்டை நீட்டினேன். அண்ணாச்சி மெஷினை எடுக்கவில்லை.

"ஜிபே இருக்கா சார்?"

"ஏன் அண்ணாச்சி, கார்டு எடுக்க மாட்டீங்களா?"

"எடுக்கலாம். நூத்துக்கு ரெண்டு ரூவா பேங்குக்காரன் புடிச்சிக்குவான். அரிசியில எனக்கு நிக்கிறதே அவ்வளவுதான். அப்ப என்ன செய்வேன்? எல்லாச் சாமானுக்கும் சேத்து விலைய ஏத்துவேன். கார்டு இல்லாதவுகளும் அதைத்தானே குடுத்துட்டுப் போறாக."

எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் கால் கிலோ துவரம் பருப்புக்குச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். என் ஐரோப்பாவுக்கு அவர் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி சொன்னதை அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர்கள் 2010ல் கணக்கெடுத்து எழுதினார்கள். அங்கே ரொக்கம் கொடுத்து வாங்கும் குடும்பம் வருடத்துக்குச் சராசரியாக 149 டாலர் இழக்கிறது. கார்டு குடும்பத்துக்கு 1,133 டாலர் கிடைக்கிறது. அவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை தேவைப்பட்டது. நம் அண்ணாச்சிக்குக் கல்லா போதும்.

இது சில்லறை. பெரிய பணம் எங்கிருந்து வருகிறது? பில் தேதியில் முழுத் தொகையைக் கட்டுகிற என்னைப் போன்றவனால் வங்கிக்குப் பெரிய லாபம் இல்லை. 'மினிமம் டியூ' கட்டுகிறவன்தான் அட்சய பாத்திரம். வேலை போன பையன். தங்கை கல்யாணத்துக்குத் தேய்த்துவிட்டு மூச்சு விட முடியாதவன். பிரசவச் செலவுக்குத் தேய்த்தவன். மாதம் 3.75 சதவீதம், வருடத்துக்கு 45. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கந்துவட்டிக்காரனைப் பிடிக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே தனிச் சட்டம் போட்டோம். அந்தச் சட்டம் கைலி கட்டியவனைத் தேடும். டை கட்டியவனைக் கண்டால் வழிவிட்டு நிற்கும். 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. பதினாறு வருடம் நடந்தது வழக்கு. 2024 டிசம்பர் 20 அன்று அந்த உத்தரவு ரத்தானது. இப்போது உச்சவரம்பு வானம்தான். விமானம் பறக்கும் அதே வானம்.

அந்தப் பையனின் வட்டியில் ஒரு துளிதான் எனக்கு 'ரிவார்டு' என்று வருகிறது. ரிவார்டு என்றால் பரிசு. எந்தப் பந்தயத்தில் ஜெயித்தேன்? கடன்படாமல் இருக்குமளவு சம்பளம் வாங்கியதுதான் என் சாதனை.

இனி அந்த வாட்ஸ்அப் குழுவுக்குத் திரும்பலாம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவளும் பூ விற்கிறவளும் ஏறினார்கள். 2022ல் ஓர் அமைச்சரே மேடையில் நின்று அதை 'ஓசி' என்றார். அதே வருடம் ஜூலையில் பிரதமர் இலவச அரசியலை 'ரேவடி' என்றார். எள்ளு மிட்டாய். நடுத்தர வர்க்கம் எழுந்து நின்று கைதட்டியது. எங்கே நின்று தட்டியது என்று நான் பார்த்தேன். விமான நிலைய லாஞ்ச் வாசலில், 2 ரூபாய் தேய்த்தால் உள்ளே விடும் வரிசையில். நாற்பது பேர். கையில் கார்டு, கண் முழுக்கப் பொங்கல் அண்டா மேல். ரேஷன் கடை வரிசையில்கூட யாரையாவது "நீங்க முன்னால போங்கம்மா" என்பார்கள். இங்கே ஒரு கர்ப்பிணிக்கு இடம் விடவில்லை. உள்ளே போனால் ஒருவர் தட்டில் ஒன்பது மினி இட்லி. சாப்பிட முடியாமல் நான்கை வைத்துவிட்டு எழுந்தார். போகும்போது இரண்டு தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் தள்ளினார். எங்கள் குழுவில் ஞாயிறுதோறும் நாட்டைக் காப்பாற்றுகிறவர்தான். எனக்கு வணக்கம் சொன்னார். இரண்டு கையிலும் பாட்டில் இருந்ததால் தலையால்.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வருடத்துக்கு 34 விமானப் பயணம் இலவசம். பெண்களின் பேருந்துக்கு வைத்ததுபோல் அதற்கு 'விடியல் பயணம்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அரசு வேலையாகப் பறந்து சேர்த்த மைல்ஸை அரசு வேலைக்கே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் ஆணை ஒன்று இருக்கிறது. நல்ல ஆணை. அழகாக டைப் அடித்திருக்கிறார்கள். ஜெர்மனியிலும் அப்படித்தான். 2002 ஜூலையில், அரசியல்வாதிகள் சிலர் அலுவல் பயணத்தில் சேர்த்த மைல்ஸில் சொந்தப் பயணம் போனதாகச் செய்தி வெளியானது. பசுமைக் கட்சியின் ஜெம் ஓஸ்டெமிர் தன் கட்சிப் பொறுப்பை விட்டார். பெர்லினின் பொருளாதார அமைச்சராக இருந்த கிரெகோர் கிசி பதவியையே விட்டார். மைலுக்காக ராஜினாமா! இந்தச் செய்தியை நம் ஊர் அரசியல்வாதி யாரிடமாவது படித்துக் காட்டினால், மனநல மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைக் கேட்பார், அந்த ஜெர்மன்காரர்களுக்காக.

'ஓசி' என்ற சொல்லுக்கே ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் தபாலுக்குத் தலை ஒட்ட மாட்டானாம். 'கம்பெனி வேலை' என்பதற்கு இரண்டு ஆங்கில எழுத்தைப் போட்டு அனுப்புவானாம். செலவு ஊரான் தலையில். உண்மையோ பொய்யோ, கதை அச்சாகப் பொருந்துகிறது. மூன்று வருடம் நான் கம்பெனி வேலைதான் பார்த்திருக்கிறேன். சம்பளமில்லாமல், வருடக் கட்டணமும் கட்டி.

அந்த மே மாதம் நாங்கள் கொடைக்கானல் போனோம். அதற்கும் இப்போது இ-பாஸ் வேண்டும். 2024ல் உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது. பயந்துகொண்டே விண்ணப்பித்தேன். ஐந்து நிமிடத்தில் வந்தது. நான்கு பேருக்கும். ஒரே காரில். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. எரிபொருள் கூடுதல் கட்டணம்கூட இல்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கொடைக்கானலில் மகன் ஏரியைப் பார்த்து, "இதுதான் சூரிக்காப்பா?" என்றான். ஆமாம் என்றேன். பொய் சொன்னால் பாயின்ட் குறையாது.

96,000 மைல் இன்னும் விமானக் கம்பெனியிடம் பத்திரமாக இருக்கிறது. மூன்று வருடத்தில் காலாவதி ஆகிவிடும் என்று மாதம் ஒரு முறை ஞாபகப்படுத்துகிறார்கள். சாகப் போகிறவரின் நாளை எண்ணிச் சொல்லும் மருத்துவமனை போல, மிகுந்த பரிவோடு.

ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டியதில் மறுபடியும் கொஞ்சம் பாயின்ட் சேர்ந்திருந்தது. போதும், கார்டை மூடிவிடுகிறேன் என்று வங்கிக்குப் போன் செய்தேன். ஒன்பதை அழுத்தி, நான்கை அழுத்தி, இருபது நிமிடம் வீணை இசை கேட்டு, ஒரு பெண் குரல் வந்தது. "சார், மூடினா உங்க 24,000 பாயின்ட்ஸ் போயிடும். கேட்லாக்ல ஏதாவது வாங்கிக்கிறீங்களா?" பார்த்தேன். ட்ராலி பெட்டி இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு மிக்ஸி இருந்தது. சரியாக 24,000. எனக்கு மட்டும் எல்லாமே எப்படித்தான் இவ்வளவு சரியாகப் பொருந்துகிறதோ. பாயின்ட் போக, வாங்கிக்கொள்ளும் கட்டணம் 99 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்து 116 ரூபாய் 82 காசு.

பத்து நாளில் வந்தது. 40 லட்சம் ரூபாய் தேய்த்தவனுக்கு ஒரு மிக்ஸி, மூன்று ஜார். அட்டைப் பெட்டியைப் பிரித்து மேஜையில் வைத்தேன். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா ஹாலிலிருந்து எழுந்து வந்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். எதையோ தேடினாள்.

"படம் ஒண்ணும் ஒட்டலியே. இது யார் ஆட்சியில குடுத்ததுடா?"